பச்சைப் புள்ளி யாரிடம் என்ன சொல்கிறது? உணவு லேபிள் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தில் லேபிள் விதிகளை வகுக்கும் குழுவினர்

மதிப்புக்குரியீர், வணக்கம்.

சைவ உணவு என்று காட்டப் பாக்கெட் முகப்பில் அச்சாகும் பச்சைப் புள்ளியை மில்லிமீட்டர் கணக்கில் வகுத்து வைத்திருக்கிறீர்கள். முகப்பின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்குள் இருந்தால் புள்ளியின் விட்டம் குறைந்தது 3 மி.மீ.; 100 முதல் 500 வரை 4; 500 முதல் 2500 வரை 6; அதற்கும் மேல் 8. சுற்றிய சதுரத்தின் பக்கம் விட்டத்தைப்போல் இரு மடங்கு. பொருளின் பெயருக்கோ பிராண்டு பெயருக்கோ பக்கத்தில், பின்னணியிலிருந்து எடுப்பாகத் தெரிய வேண்டும். விளம்பரத்திலும் துண்டறிக்கையிலும்கூட இருக்க வேண்டும்.

குறைசொல்ல முடியாத துல்லியம். ஆனால் இது முழுக்க முழுக்கக் குறியின் உடம்புக்கு எழுதிய விதி. அந்த உடம்பு எதைச் சுட்டுகிறது என்பது சட்டப் புத்தகத்தில் ஒரு வரையறையாகக் கிடக்கிறது. பாக்கெட்டை வாங்குபவர் அதைப் பார்ப்பதே இல்லை. பார்ப்பவர் அதை என்னவாக எடுத்துக்கொள்கிறார் என்பதற்கோ விதியில் இடமே இல்லை. மூன்று கால் உள்ள ஒன்றுக்கு ஒரு காலை மட்டும் அளந்து கொடுத்திருக்கிறீர்கள் என்பதுதான் இந்த மடலின் வழக்கு. குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்று ஆராயும் குறியியலைப் படிப்பதும் பாடம் நடத்துவதும் எங்கள் வேலை; அந்தக் கருவிகளால் உங்கள் புள்ளியைப் பிரித்துப் பார்க்கிறோம்.

தமிழில் குறியியல் என்றதும் பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருபவர் சுவிஸ் மொழியியலாளர் சசூர் (1857–1913). அவர் கணக்கில் குறி இரண்டு பாகம்: குறிப்பான் (சொல்லின் ஒலி போன்ற வடிவம்), குறிப்பீடு (அது எழுப்பும் கருத்து). ஒரு குறிக்குத் தனியாக மதிப்பில்லை, பக்கத்திலிருக்கும் குறிகளிலிருந்து வேறுபடுவதால்தான் மதிப்பு. பச்சைப் புள்ளி அதற்குப் பொருத்தமான உதாரணம். உலகில் அசைவக் குறியே இல்லாமல் பச்சைப் புள்ளி மட்டும் இருந்தால் அதைத் தரச் சான்று என்றோ கம்பெனி முத்திரை என்றோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். எதிர்க்குறி இருப்பதால்தான் அது சைவக் குறி.

ஆனால் சசூரோடு நின்றால் உங்கள் விதியில் உள்ள ஓட்டைகள் கண்ணில் படாது. அவருடைய இரண்டு பாகமும் மொழிக்குள்ளேயே இருக்கின்றன. பாக்கெட்டுக்குள் இருக்கும் முறுக்கு அந்தக் கணக்கில் வராது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் (1839–1914) வகுத்தது மூன்று பாகம். ஒன்று, குறி. இரண்டு, அது சுட்டும் பொருள். மூன்று, அந்தக் குறி பார்ப்பவரிடத்தில் எழுப்பும் இன்னொரு குறி. அது ஒரு எண்ணமாகவோ, கையை நீட்டி எடுப்பதாகவோ, திருப்பி வைப்பதாகவோ இருக்கலாம். இந்த மூன்றாவதை இங்கே பொருள்கோள் என்று அழைக்கிறோம். மூன்றில் எது இல்லாவிட்டாலும் குறி இல்லை, வெறும் மை.

முதலில் உடம்பையே எடுத்துக்கொள்வோம், நீங்கள் அதிகம் உழைத்த இடம் அது. பல ஆண்டுகள் சைவம், அசைவம் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான்: சதுரத்துக்குள் நிரப்பிய வட்டம். சதுரம் இரண்டுக்கும் பொது, வட்டமும் பொது. ஆக அவை எதையும் பிரித்துக் காட்டவில்லை. பிரித்துக் காட்டும் வேலை முழுவதும் நிறத்தின் தலையில். அதிலும் பச்சை, பழுப்பு என்ற இணை, சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ளவர்கள் குழப்பிக்கொள்ளும் இணைகளில் ஒன்று. அந்தக் குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால் ஆண்களிடம் மிக அதிகம். மஞ்சள் விளக்குக் கடையிலும், மங்கிய அச்சிலும், கறுப்பு வெள்ளை நகலிலும் நல்ல கண்ணுள்ளவர்களுக்கும் அதே நிலைதான்.

2020 விதிகளில் அசைவக் குறியைப் பழுப்பு முக்கோணமாக மாற்றினீர்கள். சரியான திருத்தம், ஒரே வேறுபாட்டில் தொங்கிக்கொண்டிருந்த குறிக்கு இரண்டாவது வேறுபாடு கிடைத்தது. ஆனால் அந்த இரண்டாவது வேறுபாடு கண்ணுக்கு எட்டுகிறதா? சிறிய பாக்கெட்டில் முக்கோணத்தின் பக்கம் 2.5 மி.மீ. இருந்தால் போதும் என்கிறது விதி. கையில் பிடித்து 40 செ.மீ. தூரத்தில் பார்த்தால் அது கண்ணில் ஏறக்குறைய 21 கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) கோணம் பிடிக்கும், போதுமானது. கடை அலமாரிக்கு ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் அதே முக்கோணம் 6 கலைக்கும் கீழே. கண் மருத்துவரின் பலகையில் 6/6 வரிசை எழுத்து 5 கலை. அதாவது குறையே இல்லாத கண்ணுக்கும் அந்தத் தூரத்தில் அது வட்டமா முக்கோணமா என்பது எல்லைக்கோட்டில் நிற்கிறது. வெள்ளெழுத்து வந்தவர் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் கையில் எடுத்தும் பயனில்லை. அப்போது மீண்டும் நிறம் மட்டும்தான் பேசும். திருத்தம் யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்களுக்கு அது கேட்காது. வடிவத்தால் பிரிக்க வேண்டுமென்றால் பரப்புக்கேற்ற விகிதம் மட்டும் போதாது. எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில் படிக்கப்பட வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அளவை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

முக்கோணத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேல்நோக்கிய முக்கோணம் நம் சாலைகளில் ஏற்கெனவே வேலை பார்க்கிறது: வளைவு வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது, கவனம். ஒரு வடிவத்தை எடுக்கும்போது அதன் பழைய வேலையும் கூடவே வரும். ஆட்டிறைச்சி ஊறுகாய்க்கு எச்சரிக்கை வடிவம், அப்பளத்துக்கு அமைதியான வட்டம் என்பது எவர் உணவு இயல்பானது, எவர் உணவு விலக்கானது என்ற ஒரு தீர்ப்பையும் ஓசையில்லாமல் சொல்லிவிடுகிறது. நீங்கள் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்றே நம்புகிறோம். குறிக்கு நினைப்பு தேவையில்லை. மக்கள் அந்தப் பழுப்பைச் ‘சிவப்புப் புள்ளி’ என்றே பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சட்டம் பழுப்பு என்று எழுதியது, கண் சாலை விளக்கின் இணையைப் பார்த்துவிட்டது.

இனி இரண்டாவது கால். புள்ளி எதைச் சுட்டுகிறது? உங்கள் வரையறைப்படி பறவை, மீன், பூச்சி உட்பட எந்த விலங்கின் முழுமையோ பகுதியோ, முட்டையோ, விலங்கிலிருந்து கிடைப்பதோ இருந்தால் அசைவம். பால், பால் பொருள்கள், தேன், தேன்மெழுகு, அரக்கு இவை விலக்கு. பர்ஸ் இங்கே ஒரு பயனுள்ள பிரிவு வைத்திருக்கிறார்: குறி தனக்குள் காட்டும் பொருள் ஒன்று, குறிக்கு வெளியே உண்மையில் இருக்கும் பொருள் இன்னொன்று. பாக்கெட்டுக்குள் இருப்பது இரண்டாவது. அதில் அரக்குப் பூச்சு இருக்கலாம், தேன் இருக்கலாம். புள்ளி காட்டுவதோ ‘சட்டப்படி சைவம்’ என்ற ஒரே ஒரு முகம். தேனைத் தொடாதவர், வெங்காயம் பூண்டு சேர்க்காதவர், அசைவத்தில் முட்டை மட்டும் சாப்பிடுபவர் என்று எல்லோரும் அதே முகத்தைப் பார்த்து ஆளுக்கொரு பொருள் கொள்கிறார்கள். புள்ளி யாரிடமும் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறொன்றைச் சொல்கிறது.

முட்டை விஷயம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. முட்டை மட்டுமே அசைவச் சேர்மானமாக இருந்தால் அதைத் தனியே அறிவிக்கலாம் என்று உங்கள் விதிகளிலேயே ஒரு சலுகை உண்டு. ‘அறிவிக்கலாம்’ என்பதை ‘அறிவிக்க வேண்டும்’ என்று மாற்றினால் போதும். முட்டை சேர்த்த பிஸ்கட்டும் மீன் வறுவலும் ஒரே முக்கோணத்துக்குக் கீழ் நிற்பது முட்டை உண்பவர்க்கும் உதவவில்லை, கம்பெனிக்கும் உதவவில்லை.

பால், தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத வீகன் உணவின் குறியில் சிக்கல் வேறு மாதிரி. 2022 விதிகள் அதற்குத் தந்த சின்னத்திலும் பச்சைதான். நடுவில் ஆங்கில ‘வி’, கூடவே ஒரு தளிர். சைவ உணவுக்கு அதே ‘வி’யைப் போடும் ஓட்டல் மெனு கார்டுகள் எத்தனையோ. ஒரே நிறம், ஒரே எழுத்து, அடுத்தடுத்த இரண்டு பொருள். பால் குடிப்பவர் வீகன் குறியைச் சைவம் என்று தவறாக எடுத்துக்கொண்டால் அவருக்கு நட்டமில்லை. வீகன் ஒருவர் பச்சைப் புள்ளியைத் தன் குறி என்று எடுத்துக்கொண்டால் நெய் உள்ளே போய்விடும். தவறுகள் இரு பக்கமும் சமமில்லாதபோது, எந்தப் பக்கத் தவறு கொடியதோ அந்தப் பக்கம்தான் குறிகளை அதிகம் விலக்கி வைக்க வேண்டும்.

மூன்றாவது காலுக்குப் போகும் முன் குறிக்கும் பொருளுக்கும் இடையிலான கட்டு எப்படிப்பட்டது என்று பார்த்தாக வேண்டும், ஏனென்றால் மோசடியும் பிழையும் நுழைவது அங்கேதான். பர்ஸ் அந்தக் கட்டை மூன்று வகையாகப் பிரித்தார். ஒப்புமையால் குறிப்பது படிமம்: கோழிப் படம் போட்ட மசாலா பாக்கெட். காரணத் தொடர்பாலோ நேர்த் தொடர்பாலோ குறிப்பது சுட்டு: புகை நெருப்பைக் காட்டுவது, வாடை மீனைக் காட்டுவது. வழக்கத்தால் மட்டும் குறிப்பது வழக்குக் குறி: எழுத்து, கொடி, உங்கள் புள்ளி.

பச்சை மைக்கும் உள்ளே இருக்கும் உணவுக்கும் காரணத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் வாங்குபவர் அதைப் புகையைப் போல நம்புகிறார். அந்த நம்பிக்கை நியாயமாக வேண்டுமானால், மைக்கும் உணவுக்கும் நடுவே யாரோ ஒருவர் காரணச் சங்கிலியைக் கட்டியிருக்க வேண்டும்: மூலப்பொருள் விற்றவரின் எழுத்து, ஆலையின் பதிவேடு, ஆய்வாளரின் மாதிரி. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் புள்ளி வெறும் உறுதிமொழிதான். டைசோடியம் இனோசினேட் என்ற சுவைகூட்டி (ஈ-631) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதை மீனிலிருந்தோ இறைச்சியிலிருந்தோ எடுக்கலாம், நொதிக்க வைத்தும் எடுக்கலாம், எண் ஒன்றே. எண்ணை மட்டும் அச்சிட்டால் மூலம் மறைந்துபோகும். 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், ஒவ்வொரு சேர்மானத்தின் மூலமும் தாவரமா விலங்கா ஆய்வகமா என்று தெரிவிக்கப்பட வேண்டும் என்று சொன்னது இந்தக் கண்ணியைப் பற்றித்தான்.

உடன் இருப்பதைக் கண்டதனால் மட்டும் ஒன்றிலிருந்து இன்னொன்றை அனுமானிக்க முடியாது என்பதை மணிமேகலையின் 29ஆம் காதை குறும்பாகவே சொல்கிறது: கழுதையையும் கணிகையையும் ஒருமுறை ஓரிடத்தில் சேர்த்துக் கண்டவன், பிறகு கழுதையைக் கண்ட இடமெல்லாம் கணிகை இருப்பாள் என்று அனுமானித்தால் அது கூடாது. நம் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிகளில் நடப்பது பெரும்பாலும் இந்தக் கழுதைக் கணக்குதான். பச்சைப் புள்ளி வரைந்த அட்டை ஒரு தட்டின் ஓரத்தில் நிற்கும். முட்டை சேர்த்த கேக் மாலையில் அந்தத் தட்டுக்கு இடம் மாறியிருக்கும். பெட்டியிலிருந்து பிரித்துப் பொட்டலம் கட்டித் தரும் மளிகைக் கடையில் குறி குப்பைத் தொட்டிக்குப் போய்விடுகிறது. கைபேசி ஆப்பில் பாக்கெட் படம் நகம் அளவுக்குச் சுருங்கிப் புள்ளி கரைந்துவிடுவதால், பக்கத்தில் ஆப்பே ஒரு புள்ளி போடுகிறது. அது உணவிலிருந்து வந்ததல்ல, பட்டியலை உள்ளிட்டவரின் சொடுக்கிலிருந்து வந்தது. பெயருக்கு அருகில் குறி இருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியது சுட்டின் இலக்கணம் தெரிந்து எழுதியதுதான், ஏனென்றால் சுட்டுக்கு அண்மைதான் உயிர். ஆனால் அது ஒட்டப்பட்ட உறைக்கே பொருந்துகிறது. உதிரி விற்பனைக்குத் தட்டோடு பிரியாமல் பொருத்திய குறி, ஆப்புக்கு உற்பத்தியாளரின் பதிவிலிருந்து நேரடியாக வரும் குறி என்று தனி விதி வேண்டும். இந்த மடலில் உடனே செய்யக்கூடியது எது என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வோம்.

பொருள்கோளுக்கு வருவோம். குறியை வெளியிட்டவரின் கையை விட்டு அது எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்குப் பற்பசைக் குழாய் போதும். குழாயின் அடி ஓரத்தில் ஒரு சின்ன நிறக் கட்டம் இருக்கும்; பச்சை என்றால் மூலிகை, கறுப்பு என்றால் முழுக்க ரசாயனம் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. அந்தக் கட்டம் உண்மையில் இயந்திரத்தின் ஒளி உணரிக்காக அச்சிட்டது. குழாயை எந்த இடத்தில் வெட்டி மூடுவது என்று அதைப் பார்த்துத்தான் இயந்திரம் முடிவு செய்கிறது. மனிதருக்கு அதில் செய்தியே இல்லை. இருந்தும் ஒரு முழு அகராதி பிறந்துவிட்டது. அந்த அகராதிக்கு இலக்கணம் எங்கிருந்து வந்திருக்கும்? ‘பச்சை நல்லது, பச்சை இயற்கை’ என்று பாக்கெட்டுகளில் ஏற்கெனவே பழகிய கண்ணிலிருந்து என்று ஊகிப்பது பெரிய தவறாகாது. எண்ணெயும் உப்பும் நிறைந்த சிப்ஸ் பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளியை ‘உடம்புக்கு ஒன்றும் செய்யாது’ என்று படிப்பவரும் அதே இலக்கணப்படிதான் படிக்கிறார்.

இது தெரிந்தும் 2022 செப்டம்பர் வரைவில் பாக்கெட் முகப்புக்கு நட்சத்திரத்தை முன்மொழிந்தீர்கள்: மிகக் கெட்டதற்கு அரை நட்சத்திரம், மிக நல்லதற்கு ஐந்து. இதன் மேல் எங்களுக்கு இருக்கும் மறுப்பு ஊட்டச்சத்து சார்ந்ததல்ல, குறி சார்ந்தது. நட்சத்திரம் இந்த நாட்டில் எங்கே பழகியது? ஓட்டலில், 2006 முதல் பிரிட்ஜிலும் ஏசியிலும். அங்கெல்லாம் நட்சத்திரம் என்றால் பாராட்டு. பாராட்டுக் குறியால் கண்டிக்க முடியாது. ஒன்றரை நட்சத்திரம் என்பது கொஞ்சம் பாராட்டு என்றே விழும். அந்த மொழியில் ‘வேண்டாம்’ என்பதற்குச் சொல்லே இல்லை.

இன்னொரு கோளாறு. படிமங்களுக்குள் ஒரு வகையாக வரைபடத்தையும் பர்ஸ் சேர்த்தார். பாகங்களின் உறவை அப்படியே ஒத்துக் காட்டுவது அது. நட்சத்திர வரிசை ஒரு பரிமாணம் மட்டும் உள்ள வரைபடம். அது காட்ட வேண்டியதோ சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, ஆற்றல் என்று குறைந்தது நான்கு. கூடவே நார்ச்சத்துக்கும் பருப்புக்கும் தரும் நல்ல புள்ளிகள் வேறு. கூட்டிக் கழித்து ஒரே வரியில் போட்டால் சர்க்கரை நிறைந்த ஒன்று, சேர்த்த நார்ச்சத்தால் ஒரு படி ஏறிவிடும். சர்க்கரை நோயாளிக்கு வேண்டியது கூட்டுத்தொகை அல்ல.

சிலி நாடு 2016 ஜூன் முதல் கறுப்பு எண்கோணம் போடுகிறது. ‘சர்க்கரை அதிகம்’, ‘சோடியம் அதிகம்’ என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. மெக்சிகோ 2020 அக்டோபரில் பின்தொடர்ந்தது. அதையே இங்கே அப்படியே ஒட்டலாம் என்று சொல்பவர்களோடும் எங்களுக்குக் கொஞ்சம் பிணக்கு உண்டு. தனித்தனியாகச் சொல்வது சரி. எண்கோணத்தை அப்படியே எடுப்பதுதான் சந்தேகம். அங்கே எண்கோணம் வலிமையாக இருப்பதற்கு ஒரு காரணம், அங்குள்ள சாலைகளில் நில் என்னும் பலகையின் வடிவம் அது. நம் சாலைக் குறி விதிகளிலும் நில் பலகை எண்கோணம்தான். ஆனால் அதைப் பார்த்து நிற்கிற பழக்கம் நம்மிடம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். பழக்கம் இல்லாத வழக்குக் குறிக்கு வலு இல்லை. எச்சரிக்கை முக்கோணத்தையோ நீங்களே இறைச்சிக்குக் கொடுத்துவிட்டீர்கள். மின்கம்பத்து மண்டையோடு எல்லோருக்கும் புரியும்; ஆனால் ஜாம் பாட்டிலில் அதைப் போட்டால் விஷம் என்றாகிவிடும். ஆக, எந்த வடிவம் என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. சோதித்துத்தான் ஆக வேண்டும், அதற்கு வழிமுறை ஏற்கெனவே இருக்கிறது.

ஐஎஸ்ஓ 9186 என்ற தர ஆவணம் படக்குறிகளின் புரிதலைச் சோதிக்கும் முறையைச் சொல்கிறது. பாதுகாப்புக் குறிகளுக்கான அமெரிக்கத் தர ஆவணம் ஏஎன்எஸ்ஐ இசட்535.3 இன்னும் கறாரானது: குறைந்தது 50 பேர், அதில் 85 விழுக்காடு சரியான விடை, நேர் எதிரான அல்லது ஆபத்தான பொருள் கொண்டவர்கள் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இந்தக் கடைசி எண்தான் எங்களுக்கு முக்கியம். ‘தெரியாது’ என்பவரும், தலைகீழாகப் புரிந்துகொண்டவரும் ஒன்றல்ல. முன்னவர் கடைக்காரரைக் கேட்பார், பின்னவர் கேட்காமல் சாப்பிட்டுவிடுவார். இரண்டையும் ஒரே ‘தவறு’ என்ற கட்டத்தில் போட்டுக் கூட்டுவதுதான் இத்தகைய சோதனைகளில் வழக்கமாக நடக்கும் பிழை.

நடத்தும்போது குறியைச் சட்டம் அனுமதிக்கும் மிகச் சிறிய அளவில், உண்மையான உறையில், அலமாரித் தூரத்திலும் கைத் தூரத்திலும் காட்டுங்கள். திரையில் பெரிதாக்கிக் காட்டினால் சோதிக்கப்படுவது வேறொரு குறி. விடைகளைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். நான்கு விடையில் ஒன்று எப்படியும் சரியாக விழும். ‘இது என்ன?’ என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், ‘இதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்?’ என்றும் கேளுங்கள். பொருள்கோள் செயலில்தான் முடிகிறது, சொல்லத் தெரியாதவர் செய்து காட்டுவார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும், நிறக்குறைபாடு உள்ளவர்களும், அறுபதைத் தாண்டியவர்களும் தனித்தனிக் குழுவாக வேண்டும். எல்லோரையும் கலந்து எடுக்கும் சராசரியில் இவர்கள் காணாமல் போவார்கள், குறி யாருக்கு மிகத் தேவையோ அவர்கள் இவர்கள்தான். குறி ஒன்றைத் தனியாக மட்டும் காட்டாமல் அதன் எதிர்க்குறிகளோடும் சேர்த்துக் காட்டுங்கள்: பச்சைப் புள்ளி, முக்கோணம், வீகன் சின்னம், வரப்போகும் எச்சரிக்கை எல்லாம் ஒரே உறையில். கடையில் அவை அப்படித்தான் வரப்போகின்றன. ஈராண்டு கழித்து அதே சோதனையைத் திரும்ப நடத்துங்கள். வழக்குக் குறியின் பொருள் நகரும், சந்தை அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஆகவே எங்கள் கோரிக்கை: முகப்புக் குறி எதையும் அறிவிக்கும் முன், மேற்சொன்ன சோதனையின் முடிவுகளை, தலைகீழாகப் புரிந்துகொண்டவர்களின் எண்ணிக்கையைத் தனியாகப் பிரித்து, வரைவோடு சேர்த்தே வெளியிடுங்கள். தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் வெளியிட்டால் கருத்துச் சொல்லும் காலத்துக்குள் எங்களைப் போன்றவர்கள் பதில் எழுத முடியும்.

இப்படிக்கு,
குறியியல் பயில்வோரும் பயிற்றுவிப்போரும் சிலர்